போத்தலுக்குள் ஒரு கோடு

பெப்ரவரி 6, கிளிநொச்சி

சின்னப் போத்தலில் இரண்டு அடுக்கு: மேலே அமிலத் தண்ணி, கீழே டைகுளோரோ ஈதேன் என்ற, தண்ணியோடு கலக்காத திரவம் (நாங்கள் 'எண்ணெய்' என்போம்). இடையில் ஒரு கோடு. ஒட்சிசனுக்கு இலத்திரனும் புரோத்தனும் கொடுத்து ஐதரசன் பேரொட்சைட்டு எடுக்கிறதுதான் என் வேலை. படத்தை அம்மாவுக்குக் காட்டினேன். "எண்ணெய் எண்டா மிதக்கவெல்லோ வேணும்? இதென்ன தாண்டு போய்க் கிடக்கு?" என்றா. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்குக்கு மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விட்ட கை, அப்படித்தான் கேட்கும். இந்தச் சாமானின் அடர்த்தி 1.25, அதுதான் தாண்டது.

கீழ் அடுக்கின் மஞ்சள், டெக்காமெதைல் பெரோசீன் என்ற இரும்புச் சேர்வை. இலத்திரனைக் கொடுக்கத் தயார், ஆனால் தண்ணிக்குள் வராது. அமிலத்தின் புரோத்தனோ தண்ணியை விட்டு லேசில் இறங்காது. ஒட்சிசன் இரண்டிலும் கரைந்திருக்கு. அதனால் எண்ணெயை விரும்பும் பெரிய எதிரயன் (மறை ஏற்றமுள்ள அயன்) ஒன்றை உப்பாகத் தண்ணியில் போடுகிறோம். அது கீழே போகும்போது புரோத்தனையும் இழுத்துக்கொண்டு போகும். அப்படியென்றால் தாக்கம் கோட்டில் நடக்குதா, கோட்டைத் தாண்டி எண்ணெய்க்குள்ளா? சேர் கேட்டார். நான் முழிச்சேன்.

பெப்ரவரி 9

குலுக்கினேன். மஞ்சள் மெல்லப் பச்சையாகிச்சு, பெரோசீன் இலத்திரனைக் கொடுத்துவிட்ட அடையாளம். மேல் தண்ணியை எடுத்து அயடைட்டும் மாப்பொருளும் விட, கருநீலம்! ஐதரசன் பேரொட்சைட்டு. துள்ளிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பெரோசீன் போடாத ஒப்பீட்டுப் போத்தலின் தண்ணியும் நீலம். அமிலத்தில் அயடைட்டைக் காற்றே மெல்ல ஒட்சியேற்றும் என்று படிச்சவள்தான், மறந்துபோனேன். பிழை என்னுடையது, தேத்தண்ணியினுடையதல்ல.

பெப்ரவரி 10

உடனுக்குடன் பார்த்தேன். ஒப்பீட்டுப் போத்தலின் தண்ணி நீலமாகேல்லை. சரி.

பெப்ரவரி 13

வரும் வழியெல்லாம் தெருவோரம் நெல் காயுது. பரந்தனில் பஸ் நின்றபோது பழைய இரசாயனத் தொழிற்சாலை நினைவுக்கு வந்தது. உப்புக்கரைசலை மின்பகுத்து எரிசோடாவும் குளோரினும் எடுத்த இடம். மின்னிரசாயனம் இந்த ஊருக்குப் புதுசில்லை.

டெக்காமெதைலுக்கு ஊக்கியே தேவையில்லை. வெறும் பெரோசீன்தான் சோம்பேறி, அதுக்குக் கோபாற்று போர்பிரின் வேணும். இரத்தத்தில் இரும்பைச் சுற்றி இருக்கிற வளையத்தின் உறவுதான். ஒட்சிசன் கோபாற்றில் பிடித்துக்கொள்ளும். இரண்டு இலத்திரன் வாங்கினால் பேரொட்சைட்டு, நாலு வாங்கினால் தண்ணீர். இரண்டு கோபாற்று வளையங்களை முகத்துக்கு முகம் நிறுத்தி, ஒட்சிசனின் இரு முனையையும் பிடிக்கவைத்தால் நாலு வரை போகலாம். ஐதரசனையும் ஒட்சிசனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் எரிபொருட்கலக்காரருக்கு அந்த நாலுதான் வேணும். எனக்கு இரண்டே காணும். உண்டான பேரொட்சைட்டு தண்ணிக்கு ஓடிவிடும், எண்ணெயிலுள்ள இலத்திரன்காரர் அதுக்கு மேலும் இலத்திரன் கொடுத்துத் தண்ணீராக்க முதல். 1930களில் ஜேர்மனியில் தொடங்கிய அந்திராகுயினோன் முறையிலும் இதே உபாயம்தான்: எண்ணெய்ப் பக்கத்தில் காற்றை ஊதி உண்டாக்கி, தண்ணியால் கழுவி எடுப்பார்கள்.

சேரின் கேள்விக்கு இப்ப என் பதில்: கோடு ஒரு படலை. புரோத்தன் உள்ளே, பேரொட்சைட்டு வெளியே. சமையல் எங்கே நடந்தாலும் படலை இல்லாமல் நடக்காது. அவர் தலையை ஆட்டினார், ஆமோதிப்பா என்று தெரியேல்லை.

டெக்காமெதைல் மிச்சம் கரண்டி நுனியளவுதான். நாளைக்குக் குலுக்காமல் ஒரு போத்தலை அப்படியே விட்டு, பச்சை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குது என்று பார்க்கவேணும்.