ஒட்டவைப்பது அறைதான்

ப்ளூஸ், ராக்கபில்லி (ராக் அண்ட் ரோலும் கன்ட்ரியும் கலந்த பாணி), ரூட்ஸ் (அமெரிக்க நாட்டார் வழி இசை) மூன்றும் கலந்த ஆல்பம் என்றால், பாட்டுக்குப் பாட்டு ஒலி மாறுமே என்ற கவலை கூடவே வரும். மிக்ஸிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால் கடைசிவரை ஒட்டாது. ஒட்டவைப்பது எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் அறை. 1954 ஜூலையில் மெம்ஃபிஸில் தயாரிப்பாளர் சாம் பிலிப்ஸின் சின்ன ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லி, ஸ்காட்டி மூர், பில் பிளாக் மூவரும் பதிவுசெய்த முதல் இசைத்தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஆர்தர் கிரடப்பின் ப்ளூஸ், மறுபக்கம் பில் மன்ரோவின் புளூகிராஸ் (பாஞ்சோ, ஃபிடில் போன்ற கம்பி வாத்தியங்களின் நாட்டார் பாணி). இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒலிக்கின்றன. டிரம்ஸே கிடையாது, தாளத்தை டபுள் பேஸ் பார்த்துக்கொண்டது.

அதனால் முதலில் இடம்பிடிக்க வேண்டியது டபுள் பேஸ்தான். கம்பியை விரல்பலகையிலிருந்து விலக்கி இழுத்து விடும்போது அது திரும்ப வந்து பலகையில் மோதி எழுப்பும் 'டக்'தான் ராக்கபில்லியின் உயிர். எஃகுக் கம்பியில் அந்த டக் உலோகச் சத்தமாகிவிடும், விரலும் கொப்பளிக்கும். விலங்குக் குடலில் செய்த நரம்புக் கம்பி இதமானது. ஆனால் ஈரக்காற்றுக்கு உடனே சுருதி நகரும். இரைச்சல் வேண்டாமென்று ஏசியை நிறுத்திப் பதிவுசெய்வோம், அங்கேதான் மாட்டிக்கொள்வது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுருதி பார்த்தே ஆகவேண்டும்.

பேஸுக்கு இரண்டு மைக்: ஒன்று விரல்பலகையின் கீழ்நுனியருகே டக்குக்கு, மற்றது கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் உடல் ஒலிக்கு. இரண்டையும் சேர்த்தால் அடிநாதம் மெலிகிறதா? ஒரு மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிக் கேளுங்கள். எதில் அடி கனக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கிட்டார் ஆம்ப் சிறியதாக, பேஸ் மைக்கின் முதுகுப் பக்கமாக இருக்கட்டும். கொஞ்சம் கசியத்தான் செய்யும். முழுக்கத் தடுக்கப் போனால் அறை போய்விடும்.

ரூட்ஸ் பாட்டில் சிக்கல் வேறு. பாஞ்சோ கத்தும், அகூஸ்டிக் கிட்டார் முணுமுணுக்கும். மிக்ஸரின் ஒலியளவுக் கட்டையான ஃபேடரில் கிட்டாரை ஏற்றினால், அந்த மைக்கில் கசிந்திருப்பதால் கிட்டாரோடு பாஞ்சோவும் ஏறும். கிட்டார்காரரை மைக்குக்கு நெருக்கி, பாஞ்சோவை நாலடி பின்னுக்குத் தள்ளுவதே வழி. டிரம்ஸ் இருந்தால் குச்சி வேண்டாம், பிரஷ்.

ஸ்லாப்பேக் எதிரொலியை, அதாவது குரலுக்குப் பின் சட்டென ஒருமுறை திரும்பும் ஒலியைத்தான், எல்லாரும் அளவுக்கு மீறிப் போடுகிறார்கள். பழைய முறையில் இதை டேப் இயந்திரம் உண்டாக்கும். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடி, பதிவு ஹெட்டுக்கும் வாசிப்பு ஹெட்டுக்கும் இடையே 2 அங்குலம் இருந்தால் தாமதம் 133 மில்லிவிநாடி. கணினியில் அதே வேலை செய்யும் மென்பொருளான பிளகின்னிலும் தாமதத்தை 120 முதல் 140க்குள் வைத்து, ஃபீட்பேக்கைச் சுழியாக்கி, ஒரே ஒருமுறை திரும்பி வரும்படி விடுங்கள். ஃபீட்பேக் ஏறினால் பாடல் வரிகள் குழைந்துவிடும். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 150 தாள அடி (பீட்) என்றால் 133 சரியாக ஒரு ட்ரிப்ளெட் துண்டு, அதாவது ஒரு பீட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஸ்விங்கோடு சேர்ந்து துள்ளும். வேகம் 200 பீட்டுக்குப் போனால் தாமதத்தை 100 ஆகக் குறைக்க வேண்டும். நிதானமான ப்ளூஸில் ஸ்லாப்பேக் தனியே துருத்தும். அங்கே அறையின் ஒலியே போதும்.

வைனலிலும் வெளியிடுவதாக இருந்தால் வரிசையை முன்கூட்டியே போடுங்கள். தட்டின் உள்வட்டத்தில் ஊசி கடக்கும் பள்ளத்தின் வேகம் குறைவு, அதனால் கூர்மையான ஒலி அங்கே சிதையும். சலசலக்கும் ராக்கபில்லி வெளிப்பக்கம், ஓசை குறைந்த மெதுவான பாட்டு உள்ளே. ஒரு பக்கம் 22 நிமிடத்தைத் தாண்டினால் மொத்த ஒலி அளவையும் தாழ்த்தியே தட்டில் பள்ளத்தை வெட்டுவார்கள். அதற்கு ஒரு பாட்டைக் கழற்றிவிடுவதே மேல்.