பந்தும் கண்ணாடியும்: 20 மீட்டர் தூரத்தில் ஒரு சூரியன்

கோண விட்டம், வானியல் அலகு, சூரிய அண்மைப் புள்ளி, விளிம்பு மங்கல். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இந்தச் சொற்களை ஒரு துண்டு கண்ணாடியும் ஒரு பந்தும் இருந்தால் சுவரிலேயே அளந்து பார்க்கலாம். பந்தில் ஒட்டிய கண்ணாடி வெயிலைத் திருப்பி, இருட்டறைக்குள் உள்ள திரையில் சூரியனின் பிம்பத்தை விழ வைக்கும். கிரகணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, நல்ல வெயில் அடிக்கும் எந்தக் காலையும் போதும்.

சுமார் 20 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் பந்தில் சிறு பிளவு போட்டு, சலித்த உலர்ந்த மணலை முழுக்க நிரப்பி, டேப் ஒட்டி மூடவும். ஆறு கிலோவுக்கு மேல் மணல் பிடிக்கும். அந்தக் கனம் தேவைதான். கண்ணாடி எவ்வளவு சாய்ந்தாலும் எதிரொளிக்கும் கதிர் அதைப்போல் இரண்டு மடங்கு திரும்பும், அதனால் இங்கே சிறு நடுக்கம் வந்தாலும் சுவரில் பிம்பம் குதிக்கும். பந்தைப் பானை வைக்கும் பிரிமணை மேல் உட்கார வைத்தால், எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும்.

கண்ணாடி 5 செ.மீ. சதுரம், 3 அல்லது 4 மி.மீ. தடிமன். மெல்லிய மலிவுக் கண்ணாடியும் அக்ரிலிக் கண்ணாடியும் வேண்டாம். அவை லேசாக வளைந்திருக்கும், பிம்பம் ஒரு பக்கமாக இழுபட்டு முட்டை வடிவமாகிவிடும். இரட்டைப் பக்க டேப்பால் கண்ணாடியைப் பந்தில் ஒட்டி, மேலே துளையிட்ட கறுப்பு அட்டையைப் பொருத்தவும். அலுவலகத்தில் காகிதம் துளைக்கும் பஞ்சிங் மெஷின் போடும் துளையே போதும், சுமார் 6 மி.மீ. இருக்கும்.

துளை பெரிதானால் வெளிச்சம் கூடும், விளிம்பு கலங்கும். சிறிதானால் ஓரளவுக்குக் கூர்மை கூடும், அதற்குக் கீழே போனால் ஒளியின் விளிம்பு வளைவே, அதாவது துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவதே, பிம்பத்தைக் கலக்கிவிடும். 20 மீட்டர் தூரத்துக்கு 5, 6 மி.மீ. சரியான அளவு.

திரையை நல்ல இருட்டறைக்குள் வைத்து, கண்ணாடியை வெளியே ஸ்டூல் மேல் வைக்கவும். சிமென்ட் தரை சூடேறினால் அதை ஒட்டிய காற்று அலையும், பிம்பத்தின் விளிம்பும் கூடவே நெளியும். காலை 8 முதல் 10 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் இருப்பதால் கண்ணாடியை அதிகம் சாய்க்க வேண்டிவரும், துளையும் சாய்ந்து நீள்வட்டமாகிவிடும். திரை கதிருக்குச் செங்குத்தாக இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. திரைப் பக்கம் நின்றுகொண்டு கண்ணாடியைப் பார்ப்பது சூரியனையே நேராகப் பார்ப்பதுதான். குழந்தைகள் கதிரின் பாதையில் ஓடாதபடி இரு பக்கமும் பெஞ்சு போட்டு மறிக்கவும்.

முதலில் அட்டையில் முக்கோணத் துளை போட்டுப் பார்ப்பது நல்ல பாடம். அரை மீட்டர் தூரத்தில் சுவரில் முக்கோணம் விழும். திரையைத் தள்ளிக்கொண்டே போனால் முனைகள் மழுங்கி, ஐந்தாறு மீட்டரில் வட்டமாகிவிடும். அந்த வட்டம் சூரியனுடையது, துளையுடையது அல்ல என்பது அப்போது மாணவர்களுக்குச் சந்தேகமில்லாமல் விளங்கும்.

இனி அளவு. கண்ணாடியிலிருந்து திரைவரை நாடாவால் சரியாக 20 மீட்டர். பிம்பத்தின் மங்கலான வெளி ஓரம்வரை அளந்தால் 192 மி.மீ. அளவில் வரும். துளையின் 6 மி.மீ. அகலம் அதில் சேர்ந்திருக்கிறது, அதைக் கழித்தால் 186. இந்தக் கழித்தலை விட்டுவிட்டால் விடை மூன்று விழுக்காடு தவறும். 186-ஐ 20,000-ஆல் வகுத்தால் 0.0093 ரேடியன், அதாவது சுமார் 32 கலை (ஒரு கலை என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). இதுதான் சூரியனின் கோண விட்டம், அதாவது வானில் சூரியனின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உள்ள கோணம். இந்த 0.0093-ஐ வானியல் அலகால், அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரமான 14.96 கோடி கி.மீ.யால் பெருக்கினால் சூரியனின் விட்டம் 13.91 லட்சம் கி.மீ. என்று வரும். ஏற்கப்பட்ட மதிப்பு 13.92 லட்சம். விளிம்பை 3 மி.மீ. தவறாகப் படித்தால் விடையில் இருபதாயிரம் கி.மீ.க்கு மேல் பிழை வரும் என்பதையும் குறித்து வைக்க வேண்டும், பிழையளவு இல்லாத விடை அரை விடைதான்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் சுரங்கத் தொலைநோக்கிக்கும் இதே கணக்குதான். அதன் வில்லையின் குவிய தூரம் 36 மீட்டர், அது தரும் சூரிய பிம்பம் சுமார் 34 செ.மீ. 36-ஐ 0.0093-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரிய அண்மைப் புள்ளியில் இருக்கும், தூரம் 14.71 கோடி கி.மீ. ஜூலை முதல் வாரத்தில் சேய்மைப் புள்ளி, 15.21 கோடி. கழித்தபின் பிம்பம் ஜனவரியில் 189, ஜூலையில் 183 மி.மீ. இருக்க வேண்டும். வித்தியாசம் 6 மி.மீ.தான். இருமுறையும் அதே அட்டை, அதே கண்ணாடி, அதே தூரம் வேண்டும். நாடாவில் 30 செ.மீ. பிசகினால் 3 மி.மீ. போய்விடும், பாதி வித்தியாசம் காணாமல் போகும். திரையில் அளவுகோலை ஒட்டிவைத்துப் புகைப்படம் எடுத்து அளப்பதே நம்பகமானது. பென்சிலால் வட்டம் வரைய முயன்றால் கை பின்தங்கும், பிம்பம் நொடிக்கு சுமார் ஒன்றரை மி.மீ. நகர்ந்துகொண்டே இருக்கிறது.

அந்த நகர்வு பூமியின் தற்சுழற்சி. பிம்பம் தன் விட்டம் முழுவதையும் கடக்க மார்ச் 21-ஐ ஒட்டி சுமார் 128 நொடி ஆகும், ஜூன் 21-இல் 137, டிசம்பர் 21-இல் 142. சூரியன் வான நடுவரையிலிருந்து (பூமத்திய ரேகைக்கு நேர்மேலே வானில் செல்லும் கோடு) 23.4 டிகிரி விலகியிருக்கும்போது மெதுவாக நகர்கிறது. டிசம்பரில் வட்டமும் பெரிது, அதனால் இன்னும் கூடுதல் நேரம். துளையின் அகலம் இங்கேயும் நான்கு நொடி சேர்த்துவிடும்.

படத்தை உற்றுப் பார்த்தால் வட்டத்தின் நடுவைவிட ஓரம் மங்கலாக இருப்பது தெரியும். நடுவில் ஆழமான, சூடான அடுக்குகளின் ஒளி வருகிறது. ஓரத்தில் சாய்வாகப் பார்ப்பதால் மேலடுக்குகளின் ஒளி மட்டுமே வருகிறது, அவை குளிர்ந்தவை. இதுவே விளிம்பு மங்கல். துளையின் கலங்கலும் ஓரத்தில் 6 மி.மீ. அளவுக்கு மங்கலை உண்டாக்கும், அதனால் அதற்கு உள்ளே தெரியும் மங்கலை மட்டும் கணக்கில் கொள்ளவும்.

சூரியப் புள்ளிகளும் தெரியும், ஆனால் பெரியவை மட்டும். பூமியளவுள்ள புள்ளி இந்தப் பிம்பத்தில் 1.7 மி.மீ.தான், கலங்கலில் கரைந்துவிடும். 2024 மே மாதத்தில் காந்தப் புயலைக் கிளப்பிய புள்ளிக் கூட்டம் போன்றவை, பூமியைவிடப் பத்து மடங்குக்கு மேல் அகலமானவை, தெளிவாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் திரைத் தாளை அசைக்கவும். கறை தாளோடு போகும், புள்ளி பிம்பத்தோடு நிற்கும். கண்ணாடியில் உள்ள தூசு புள்ளியாக விழாது, வெளிச்சத்தைத்தான் சற்றுக் குறைக்கும்.

நாள்தோறும் வரையும்போது பிம்பம் நகரும் திசையை அம்புக்குறியால் குறிக்க மறக்கக் கூடாது. நேரத்துக்கு நேரம் பிம்பம் சுழன்றிருக்கும், அம்பு இல்லாத இரண்டு படங்களை ஒப்பிடவே முடியாது. முன்னே செல்லும் ஓரம் சூரியனின் மேற்கு. புள்ளிகள் நாளுக்கு ஏறக்குறைய 13 டிகிரி அந்த ஓரத்தை நோக்கி நகரும், அது சூரியனின் தற்சுழற்சி.

2031 மே 21-இல் கேரளம், தென் தமிழ்நாடு, வட இலங்கை வழியாகக் கங்கண கிரகணம் வருகிறது, நிலவைச் சுற்றிச் சூரியன் வளையமாகத் தெரியும். நிலவு சூரிய விட்டத்தில் 96 விழுக்காடு அளவே இருக்கும், ஆகவே 20 மீட்டரில் வளையத்தின் அகலம் 4 மி.மீ.க்கும் குறைவு. 6 மி.மீ. துளை அதைத் தடித்துக் காட்டிவிடும். அன்றைக்கு 30 மீட்டர் இடம் தயாராக இருக்கட்டும்.