தலையீட்டுக் கேள்வியா? முதல் வரியிலேயே அனுமதியை எழுதுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. யு.பி.எஸ்.சி. மெயின்ஸில் பி.எஸ்.ஐ.ஆர். (அரசியல் அறிவியல், சர்வதேச உறவுகள்) இரண்டாம் தாள் கைகொடுத்த நிம்மதியில் எழுதுகிறேன். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து தமிழிலேயே மெயின்ஸ் எழுதத் துணிந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குத்தான் இது. சிலபஸ் உங்களுக்குத் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மனிதப் பாதுகாப்பு (பசி, நோய், தண்ணீர்ப் பஞ்சம் போன்றவற்றிலிருந்து மக்களைக் காப்பது), மனித உரிமை, மனிதாபிமானத் தலையீடு (மக்களைக் காக்க இன்னொரு நாட்டுக்குள் நுழைவது) மூன்றையும் கலந்து எழுதினால் மார்க் போகும். பிரித்துக்கொள்ள ஒரே கேள்வி போதும்: இங்கே படை போகலாமா, போனால் யார் அனுமதி?

மனிதப் பாதுகாப்பில் படைக்கு இடமே இல்லை. ஐ.நா. பொதுச் சபையின் 66/290 தீர்மானம் (2012) அதை வெளிப்படையாகவே சொல்கிறது: பாதுகாக்கும் பொறுப்பு (ஓர் அரசு தன் மக்களைப் பெருங்கொடுமையிலிருந்து காக்கத் தவறினால் உலகம் தலையிடலாம் என்ற கோட்பாடு) வேறு, இது வேறு, பலப்பிரயோகமோ அதற்கான மிரட்டலோ இதில் சேராது. ஐ.நா.வின் 1994 மனித மேம்பாட்டு அறிக்கை சொன்ன ஏழு கூறுகளை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டு உதாரணத்துக்குப் போங்கள். நம் பக்கத்துப் பிளாச்சிமடையை விடச் சரியான உதாரணம் கிடைக்காது. 2000-ல் குளிர்பான ஆலை வந்தது. 2002-ல் மயிலம்மா முதலான ஆதிவாசிப் பெண்கள் முன்னின்று போராட்டம் தொடங்கினார்கள். 2003-ல் பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004-ல் ஆலை நின்றது. எதிரி நாடு எதுவும் இல்லாமல் கிணற்றுத் தண்ணீரே பாதுகாப்புப் பிரச்சினை ஆனதை மூன்று வரியில் காட்டிவிடலாம்.

மனித உரிமைப் பகுதி சுலபம். 1948 உலக மனித உரிமைப் பிரகடனம் ஒப்பந்தம் அல்ல. சட்டக் கட்டுப்பாடு 1966-ன் இரு உடன்படிக்கைகளில் வருகிறது. அவை 1976-ல் நடைமுறைக்கு வந்தன, இந்தியா 1979-ல் சேர்ந்தது. மனித உரிமைக் கவுன்சில் என்பது 47 நாடுகள். மனித உரிமைக் குழு என்பது 18 நிபுணர்கள். இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

தலையீட்டுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். எனக்கு அறிஞர்களின் மேற்கோள்கள் மனதில் நிற்காது, தீர்மான எண்களும் வாக்கு விவரமும் நிற்கும். அதனால் ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்றே விவரம் படித்தேன்: ஐ.நா. பாதுகாப்பு அவையின் அனுமதி உண்டா, அந்த நாடே சொன்ன காரணம் என்ன, பிறகு என்ன ஆயிற்று.

- 1971: கிழக்கு பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடி அகதிகள். ஆனால் டிசம்பர் 3 பாகிஸ்தான் விமானத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா பிரதானமாக முன்வைத்தது தற்காப்பு. "இந்தியாவின் மனிதாபிமானத் தலையீடு" என்று மொட்டையாக எழுதாதீர்கள்.
- 1987 பூமாலை நடவடிக்கை: இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களை வீசின. இலங்கையின் சம்மதமும் இல்லை, பாதுகாப்பு அவையின் தீர்மானமும் இல்லை. நமக்கு மனம் கொதிக்கிற இடம் இது. விடைத்தாளில் இறையாண்மை வாதத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.
- 1994 ருவாண்டா: கொலைகள் நடக்கும்போதே பாதுகாப்பு அவை அமைதிப்படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது.
- 1999 கொசோவோ: அனுமதி இல்லாமல் நேட்டோவின் 78 நாள் குண்டுவீச்சு. கொசோவோ பற்றிய சுயேச்சை சர்வதேச ஆணையத்தின் முடிவு: சட்டவிரோதம், ஆனாலும் நியாயம் உண்டு.
- 2011 லிபியா: பாதுகாப்பு அவைத் தீர்மானம் எண் 1973, ஆதரவு 10, எதிர்ப்பு இல்லை. இந்தியா, பிரேசில், ஜெர்மனி, சீனா, ரஷ்யா வாக்களிக்காமல் ஒதுங்கின. ஆட்சி கவிழ்ந்ததால் எழுந்த கசப்பு அந்த ஆண்டே சிரியா மீதான ரஷ்யா, சீனாவின் வீட்டோவில் தெரிந்தது.

இன்னொரு குழப்பம் 2001-க்கும் 2005-க்கும் இடையில். பாதுகாக்கும் பொறுப்பை முன்வைத்த 2001 சர்வதேச ஆணைய அறிக்கையில் தலையீட்டுக்கான நிபந்தனைகள் உண்டு, பேரிடரும் உண்டு. 2005 ஐ.நா. உச்சி மாநாட்டு ஆவணத்தின் 138, 139 பத்திகளில் இரண்டும் இல்லை. இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச் சுத்திகரிப்பு, மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற நான்கு மட்டுமே. படை என்றால் பாதுகாப்பு அவை வழியாக மட்டுமே. 2008-ல் மியான்மரில் நர்கீஸ் புயலின்போது பிரான்ஸ் இந்தக் கோட்பாட்டை எழுப்பியும் எடுபடாமல் போனதை இங்கே சேர்த்தால் விடை கனமாகும்.

20 மார்க் கேள்விக்கு 14 நிமிடம்தான். கருத்து விளக்கத்துக்கு மூன்று, சம்பவங்களுக்கு ஏழு, விமர்சனத்துக்கு நான்கு. பாதுகாக்கும் பொறுப்பு செத்துவிட்டதா என்று கேட்டால் ஆம், இல்லை என்று முடிக்காதீர்கள். 2009-ல் ஐ.நா. பொதுச் செயலர் பான் கி மூன் சொன்ன மூன்று தூண்களை (அரசின் சொந்தப் பொறுப்பு, உலகின் உதவி, அரசு தவறினால் உலகின் கூட்டு நடவடிக்கை) எழுதி, முதல் இரண்டில் பெரிய தகராறு இல்லை, மூன்றாவதில் அடங்கிய படை நடவடிக்கைதான் முட்டுகிறது என்று காட்டுங்கள். வீட்டோ போட்ட நாடுகளைப் பெயர் சொல்லியே எழுதுங்கள்.