முதல் டர்னில் ஓர் எல்ஃப்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் கார்டுகளுக்கு ஐந்து நிறம். அதை ஆடுகிறவர்களிடம் பச்சை என்று சொன்னால் போதும், பெரிய பெரிய மிருகங்கள்தான் அவர்கள் நினைவுக்கு வரும். கார்டை இறக்கச் செலவாகும் சக்திக்கு மனா என்று பெயர். ஏழு மனா, எட்டு மனா கொடுத்து இறக்குகிற ராட்சதர்கள். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் "பச்சையில் ஒன்றே ஒன்று எடுத்துக்கொள் என்றால் எதை எடுப்பாய்?" என்று அண்ணன் கேட்டபோது நான் யோசிக்காமல் எடுத்து நீட்டியது லானோவர் எல்வ்ஸ். விலை ஒரு பச்சை மனா. பலம் 1/1, அதாவது அடிக்கும் பலம் ஒன்று, தாங்கும் பலம் (டஃப்னெஸ்) ஒன்று. டேப் செய்தால், அதாவது கார்டைச் சாய்த்து வைத்தால், ஒரு பச்சை மனா தரும். வேறு ஒன்றும் செய்யாது.

1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய இந்த ஆட்டம் முதன்முதலில் வெளிவந்த ஆல்ஃபா செட்டிலேயே (முதல் கார்டுத் தொகுப்பிலேயே) இந்த எல்ஃப் உண்டு. பிறகு ஃபின்ட்ஹார்ன் எல்வ்ஸ், எல்விஷ் மிஸ்டிக் என்று வேறு பெயர்களில் அதே வேலையைச் செய்கிற கார்டுகளும் வந்தன. முதல் டர்னில் இதை இறக்கிவிட்டால், இரண்டாவது டர்னில் எதிராளி இரண்டு மனாவோடு உட்கார்ந்திருக்கும்போது நம்மிடம் மூன்று இருக்கும். ஆட்டத்தின் ஆரம்பத்தில் அந்த ஒரு மனா வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது எதிரே உட்கார்ந்து அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இறக்கிய டர்னிலேயே டேப் செய்ய முடியாது, அடுத்த டர்ன் வரை அது பிழைத்திருக்க வேண்டும். அந்த ஒரு சுற்றில் எதிராளி லைட்னிங் போல்ட் என்ற கொல்லும் கார்டு ஒன்றை இந்தச் சின்ன எல்ஃப் மேல் செலவழித்தால், எனக்கு அதுவும் லாபம்தான். பின்னால் வரப்போகிறவனுக்கு ஓர் ஆபத்து குறைந்தது.

பிற்காலப் பதிப்புகளில் இந்தக் கார்டின் அடியில் ஒரு வரி இருக்கும். லானோவர் காட்டுக்குள் அத்துமீறி நுழைபவனுக்கு, காலடியில் ஒடிகிற சுள்ளி ஒவ்வொன்றுக்கும் ஓர் எலும்பு ஒடிக்கப்படும் என்பது தண்டனை. இத்தனை சின்ன உருவத்துக்கு அத்தனை கடுமை. அந்த வரிக்காகவே அந்தப் பதிப்பை ஸ்லீவ் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்தது பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸ். இதுவும் ஆல்ஃபா, இதுவும் ஒரு மனா. 0/1, பறக்கும், ஐந்து நிறத்தில் எந்த நிற மனா வேண்டுமானாலும் தரும். மார்க் பூல் இந்த ஓவியத்தை டிராபிக்கல் ஐலண்ட் என்ற லேண்ட் கார்டுக்காகத்தான் (லேண்ட் என்பது மனா தரும் நிலம்) வரைந்தார். படத்தில் தீவைவிடப் பறவையே தூக்கலாக நின்றுவிட்டது. அதனால் அந்தப் பறவைக்கென்றே கார்ஃபீல்ட் தனியாக ஒரு கார்டு செய்தார். படம் முதலில் வந்து, அதற்காகக் கார்டு பிறந்த கதை. அந்தச் சிவப்பு இறகுகளைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வரும்.

ஜயன்ட் குரோத்தும் பிடிக்கும். ஒரு மனாவுக்கு அந்த டர்ன் முடியும்வரை +3/+3. ஆல்ஃபாவில் நிறத்துக்கு ஒன்றாக, ஒரு மனாவுக்கு எதையாவது மூன்று தருகிற கார்டுகள் ஐந்து உண்டு. நீலத்துக்கு மூன்று கார்டு எடுக்கிற ஆன்செஸ்ட்ரல் ரீகால் கிடைத்தது. அதோடு ஒப்பிட்டால் பச்சைக்குக் கிடைத்தது எளிய பங்கு. எனக்கு அதில் குறையே இல்லை. 1/1 தானே என்று எதிராளி தடுக்காமல் விட்ட எல்ஃப் திடீரென்று 4/4 ஆகி நிற்கும்.

ரான்கர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1999-இல் உர்ஸாஸ் லெகஸி செட்டில் வந்த ஆரா இது, அதாவது களத்தில் நிற்கிற ஒரு கிரீச்சர் (எல்ஃப், மிருகம் போன்ற உயிர்) மேல் ஒட்டுகிற கார்டு. ஒரு மனா. எந்த கிரீச்சர் மேல் போட்டாலும் +2/+0, கூடவே டிராம்பிள், அதாவது தடுக்கிறவனைத் தாண்டி மிச்ச அடி எதிராளிக்கே போய்ச் சேரும். ஆராக்களின் பெரிய பலவீனம், கிரீச்சர் செத்தால் ஆராவும் கூடவே போய்விடுவது. ரான்கர் அப்படியல்ல. களத்திலிருந்து கிரேவ்யார்டுக்கு, அதாவது செத்த, தீர்ந்த கார்டுகளின் குவியலுக்குப் போனால் திரும்பக் கைக்கே வந்துவிடும். "களத்திலிருந்து" என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அண்ணன் ஆடுவது நீலம். நான் எல்ஃப் மேல் ரான்கர் போட்டதும், அது இறங்குவதற்கு முன்பே அன்சம்மன் போட்டு எல்ஃபை என் கைக்கு அனுப்பிவிட்டான். ஒட்டிக்கொள்ள ஆள் இல்லாத ரான்கர் களத்தைத் தொடாமலே கிரேவ்யார்டுக்குப் போனது. திரும்ப வரவில்லை. அன்றிலிருந்து அவனுடைய ஐலண்டுகள் (நீல மனா தரும் லேண்டுகள்) எல்லாம் டேப் ஆகியிருக்கிறதா என்று பார்க்காமல் ரான்கரைக் கையிலிருந்து எடுப்பதில்லை.

பெரிய மிருகங்களில் என் மனதில் நிற்பது ஒன்றுதான். கிரேட்டர்ஹூஃப் பெஹிமத், 2012-இல் அவாசின் ரெஸ்டோர்டில் வந்தது. எட்டு மனா, 5/5, இறங்கிய டர்னிலேயே அட்டாக் செய்யலாம். அது பெரியது என்பதற்காக அல்ல. அது களத்துக்கு வந்ததும் நம் பக்கம் எத்தனை கிரீச்சர்கள் என்று எண்ணும். எத்தனை தலையோ, ஒவ்வொருவருக்கும் அத்தனை பலம் கூடும், எல்லோருக்கும் டிராம்பிளும் கிடைக்கும். மனா கொடுத்துவிட்டு டேப் ஆகிக் கிடக்கிற எல்ஃபும் அந்தக் கணக்கில் ஒரு தலை. பத்து மனா மிருகத்துக்கும் அதற்கும் அங்கே ஒரே மதிப்பு.

அண்ணனோடு ஆடிய ஒரு ஆட்டத்தில் என்னிடம் ஐந்து ஃபாரஸ்ட் (பச்சை மனா தரும் லேண்ட்), லானோவர் எல்வ்ஸ், எல்விஷ் மிஸ்டிக், பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸ். எட்டு மனா சேர்ந்தது. கிரேட்டர்ஹூஃபைப் போட்டேன். அவன் இரண்டு ஐலண்டை டேப் செய்து எதிராளி போடும் கார்டை இறங்கும் முன்பே ரத்து செய்கிற கவுண்டர்ஸ்பெல் போட்டான். மிருகம் நேராகக் கிரேவ்யார்டுக்குப் போனது.

அடுத்த டர்னில் எட்டர்னல் விட்னஸ் இறக்கினேன். 2004-இல் ஃபிஃப்த் டான் செட்டில் வந்தவள். மூன்று மனா, 2/1. களத்துக்கு வரும்போது கிரேவ்யார்டிலிருந்து எந்தக் கார்டை வேண்டுமானாலும் கைக்கு எடுத்துத் தருவாள். எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லவே தேவையில்லை. அண்ணன் தன் டர்னில் கார்டு மேல் கார்டாக எடுத்துத் தேடினான். கடைசியில் இரண்டு ஐலண்டை மட்டும் நிமிர்த்தியே வைத்துவிட்டு "உன் டர்ன்" என்றான்.

அந்த இரண்டு ஐலண்டையும் வெகுநேரம் பார்த்தேன். இருக்கிறதா, இல்லையா? பிறகு ஐந்து ஃபாரஸ்டையும், மூன்று சின்னவர்களையும் ஒவ்வொன்றாகச் சாய்த்து, மறுபடி அதே கார்டைப் போட்டேன்.

"இதைத்தான் போன தடவையே கவுண்டர் பண்ணிட்டேனேடி" என்றான். கையை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு மூடினான். "சரி, இறங்கட்டும்."

எண்ணினேன். எல்வ்ஸ், மிஸ்டிக், பறவை, விட்னஸ், கிரேட்டர்ஹூஃப். ஐந்து தலை. கிரேட்டர்ஹூஃப் 10/10, விட்னஸ் 7/6. மற்ற மூவரும் சாய்ந்தபடியே கிடந்தார்கள். அண்ணனிடம் லைஃப் 13, அது தீர்ந்தால் அவன் தோற்றான். தடுக்க டஃப்னெஸ் 4 உள்ள ஒரே ஒரு கிரீச்சர், அதை விட்னஸ் முன்னால் நிறுத்தினான். ஏழில் நான்கு போக மூன்று, அதோடு பத்து. சரியாக 13. அந்த மூன்று சின்னவர்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் கணக்கு நின்றிருக்காது. எட்டு மனாவே சேர்ந்திருக்காது.

அண்ணன் விட்னஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த ஆட்டத்துக்குக் கலைத்துப் போட்டோம். ஏழு கார்டு எடுத்தேன். இரண்டு ஃபாரஸ்ட், ஒரு லானோவர் எல்வ்ஸ். மீதி நான்கையும் திருப்பிக்கூடப் பார்க்காமல், இந்தக் கையோடே ஆடுகிறேன் என்று "கீப்" சொன்னேன்.