ஏற்காட்டில் ஒரு மரத்துக்குப் பெயர் தேடிய கதை

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. சேலத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்பதால் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி நாகலூர் பக்கமோ கொட்டச்சேடு பக்கமோ மரம் பார்க்கப் போவது பழக்கமாகிவிட்டது. அப்படிப் போன ஒரு நாளில்தான் காப்பித் தோட்டத்து வேலியோரம், உண்ணிச்செடிப் புதரை விலக்கிக்கொண்டு நின்ற அந்தச் சின்ன மரத்தைப் பார்த்தேன். மூன்று ஆள் உயரம் இருக்கும். எனக்குத் தெரிந்த எந்த மரமும் இல்லை.

போனில் இருந்த ஆப் மூன்று படத்துக்கு மூன்று பெயர் சொன்னது, அதில் ஒன்று அமெரிக்க மரம். அந்தப் பக்கமாக விறகுக் கட்டோடு வந்த மலையாளிப் பெரியவரிடம் கேட்டேன். (இங்கே மலையாளி என்றால் கேரளாக்காரர் இல்லை, இந்த மலையின் பழங்குடி மக்கள்.) "அதுக்கு என்னங்க பேரு, அடுப்புக்கும் ஆகாது, ஏருக்கும் ஆகாது" என்றார். சரி, புது இனமாகவே இருந்துவிட்டால்? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தெரிந்த பையன் ஒருவன் தாவரவியலில் ஆராய்ச்சி செய்கிறான். படத்தைப் பார்த்ததும், "அண்ணா, பூ எங்க? வெறும் இலையக் காட்டிப் பேர் கேக்கறது, முதுகக் காட்டி ஆளு யாருன்னு கேக்கற மாதிரி" என்றான். அப்புறம் தொடங்கியது அலைச்சல். இரண்டாவது தடவை போனால் மொட்டு, அதற்கடுத்த தடவை பூ. காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கிளையைக்கூட ஒடிக்க முடியாது. மரம் தோட்டத்து எல்லைக்குள் இருந்ததால் முதலாளியிடம் கேட்டுவிட்டு இரண்டு கிளை மட்டும் வெட்டினோம். அந்த இரண்டையும் நான்தான் கெடுத்தேன். காய வைப்பதற்காகப் பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து அழுத்திக் கட்டியவன், கடை வேலையில் நான்கு நாள் பேப்பரை மாற்றவில்லை, பிரித்தால் ஒரே பூஞ்சணம். முதல் வாரம் தினமும் மாற்ற வேண்டுமாம். மறுபடி மேலே போனேன், மறுபடி முதலாளியிடம் பல்லைக் காட்டினேன். இந்த முறை அங்கேயே நின்று நோட்டில் உயரம், பட்டையின் நிறம், பூவின் நிறம் எல்லாவற்றையும் எழுதினேன், ஏனென்றால் காய்ந்த பிறகு நிறம் நிற்காது.

பூவைப் பார்த்ததுமே பையன் குடும்பத்தைச் சொல்லிவிட்டான். சூரியகாந்தி, சாமந்தி, கரிசலாங்கண்ணி இருக்கிற அதே குடும்பம். அதில் மரமும் உண்டா என்று நான் வாயைப் பிளந்தேன். நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல பூக்கள் சேர்ந்த கொத்து, விதையின் தலையில், காற்றில் பறப்பதற்கு முடிக்குஞ்சம். சீதேவியார் செங்கழுநீர் என்று தெருவோரத்தில் முளைக்கிறதே, அதற்கு ஒரு வகையில் சொந்தம். பிறகு பிளேடால் கொத்தைப் பிளந்து, லென்ஸ் வைத்து ஒவ்வொன்றிலும் எத்தனை பூ என்று எண்ண வேண்டும். ஏனென்றால் இந்தக் கூட்டத்திலேயே கொத்துக்கு ஒற்றைப் பூ மட்டும் வைக்கிற மரமும் இருக்கிறது. எண்ணி முடித்து, காம்பிள் எழுதிய மதராஸ் மாகாணத் தாவர நூலில் 'இப்படியா, அப்படியா' என்று கேட்கிற கேள்விகளுக்குப் பதில் பார்த்துப் பார்த்துப் படிப்படியாக இறங்கினோம். 1915-இல் பகுதி பகுதியாக வரத் தொடங்கிய நூல் அது. காம்பிள் 1925-இல் இறந்துவிட, மீதியை ஃபிஷர் என்பவர் முடித்தார். கடைசிப் படியில் வந்து நின்ற பெயர்: வெர்னோனியா ஷெவராயென்சிஸ்.

காம்பிளே வைத்த பெயர். புது இனம் என்ற என் கனவு அங்கேயே போயிற்று, ஆனால் வருத்தமாக இல்லை. இந்த மலைக்கே பெயராகிவிட்ட சேர்வராயன் என்ற நம் சாமி பெயர் வெள்ளைக்காரன் வாயில் ஷெவராய் ஆகி, லத்தீன் வாலும் ஒட்டிக்கொண்டு இந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வேறு எங்கிருந்தோ வந்த சில்வர் ஓக்கை இங்கே எல்லோருக்கும் தெரியும், இந்த மண்ணின் பெயரைச் சுமக்கிற மரத்தைத்தான் தெரியவில்லை! இப்போது வெர்னோனியா என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்தை, பல துண்டாகப் பிரித்துவிட்டார்கள், அதனால் இது மோனோசிஸ் ஷெவராயென்சிஸ். முன்பாதி மாறினாலும் பின்பாதியை விட்டுவிடக் கூடாது என்பது பெயரிடும் விதி. முதலில் வைத்தவர் பெயர் அடைப்புக்குறிக்குள் போய்விடும், அவ்வளவுதான்.

பையன் காய்ந்த கிளையை ஒட்டிய எங்கள் தாளை, இப்படிப்பட்ட தாள்களைச் சேர்த்து வைத்திருக்கிற கோயம்புத்தூர் ஹெர்பேரியத்துக்கு எடுத்துப்போய்ப் பழைய தாள்களோடு ஒப்பிட்டு, சரிதான் என்று மெசேஜ் போட்டான். அதற்குப் பிறகு அதே சரிவில் இன்னும் மூன்று மரம் பார்த்தேன். இரண்டு பூத்துவிட்டன, கணக்கில் சேர்த்தோம். மூன்றாவதை இலையை வைத்தே அடித்துச் சொல்வேன் என்றேன். "பூக்கட்டும்ணா" என்றுவிட்டான். நோட்டில் அதன் எதிரே கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.