குண்டு துளைக்காத கூரையின் கீழே: கோட்டைக்குள் தூய மரியாள் ஆலயம்

புனித ஜார்ஜ் கோட்டையின் வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, சோதனை முடித்து உள்ளே செல்பவர்களில் பெரும்பாலோர் தலைமைச் செயலகத்துக்குத்தான் போகிறார்கள். நான் தேடிப்போனது, சூயஸுக்குக் கிழக்கே உள்ள ஆங்கிலிக்கன் ஆலயங்களில் மிகப் பழையதாகிய தூய மரியாள் ஆலயத்தை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பணத்தை எதிர்பாராமல், கோட்டைவாசிகளிடம் நன்கொடை திரட்டி, கோட்டையின் அப்போதைய தலைவர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் 1678 மார்ச் 25 அன்று இதன் கட்டுமானத்தைத் தொடங்கினார். அன்று மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாள். ஆலயத்தின் பெயரும் அதனால் அமைந்ததே. 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை நடந்தது. ஒரு வாரம் கழித்துப் பதிவேட்டில் ஏறிய முதல் திருமணம், பின்னாளில் ஆளுநரான எலிஹு யேல், கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவையை மணந்தது. 1753இல் ராபர்ட் கிளைவின் திருமணமும் இங்கேதான் நடந்தது. வழிகாட்டிகள் இந்த இரண்டையும் தவறாமல் சொல்லிவிடுகிறார்கள்.

என்னை நிறுத்திவைத்தது கூரை. மரச்சட்டமோ ஓடோ இல்லாமல், பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி, ஏறத்தாழ இரண்டடி கனத்தில் வளைத்துக் கட்டிய கூரை. அதைச் சுமக்கும் வெளிச்சுவர்களின் கனம் நான்கடி. சன்னல் திட்டில் கையை நீட்டி வைத்தால் சுவரின் ஆழம் முழங்கையையும் தாண்டிப் போகிறது. ஜெபிப்பதற்கான இடத்தையும் கொத்தளம்போலக் கட்ட வேண்டியிருந்த காலம் அது.

அந்த அச்சம் வீண்போகவில்லை. 1758 டிசம்பரில் லல்லியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, பின்னாளில் சட்டக் கல்லூரி அமைந்த பக்கம் இருந்த ஆங்கிலேயர் இடுகாட்டின் கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமாகிவிட்டன. முற்றுகை விலகியபின் அவற்றை இடித்து, எழுத்துப் பொறித்த பலகைக்கற்களை ஆலயத்தைச் சுற்றித் தரையில் பதித்தார்கள். லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியம் என்று எழுத்துகள் மாறிமாறி வருகின்றன. கோட்டையின் கம்பெனி நிர்வாகத்துக்கு முதல் பிரசிடெண்டாக (தலைவராக) இருந்த ஆரன் பேக்கரின் மனைவி எலிசபெத்துக்கு 1652இல் வைத்த கல்லும் இவற்றோடு இருக்கிறது. இவற்றின்மேல் கால் படாமல் நடப்பது கடினம். வெயிலும் மழையும் தேய்க்கும் இந்த எழுத்துகளைப் படியெடுத்துப் பாதுகாப்பதில் இன்னும் அக்கறை வேண்டும்.

உள்ளே, கம்பெனி நிறுவிய சுவார்ட்ஸ் ஐயரின் பளிங்கு நினைவுச்சின்னத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். 1779இல் ஹைதர் அலியிடம் கம்பெனி சமாதானத் தூதராக அனுப்பியது தஞ்சைத் தமிழர்களிடையே ஊழியம் செய்த இந்த ஜெர்மானியரைத்தான். கிளைவைவிட இவருக்காகவே இங்கே வர வேண்டும் என்பேன்.

1947 முதல் இது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. ஞாயிறு ஆராதனை இன்றும் நடக்கிறது.