நான்காம் ஃப்ரெட்டுக்கு அரை சென்டிமீட்டர் முன்னால்

குளச்சலில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் ஆறு ஆண்டுகளாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பாட்டுக்கு அடியில் கிடந்து கும் கும் என்று தாங்குவது என் வேலை. நான் நிறுத்தினால்தான் நான் இருந்ததே தெரியும். மழையில் பயிற்சிகள் தள்ளிப்போன ஜூன் மாதத்தில், இதே தந்திகளில் மணியோசை போன்ற ஹார்மோனிக்ஸ் எடுத்துப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன்.

ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி. 12ஆம் ஃப்ரெட் முதல் நாளே வந்தது. தந்தியின் சரிபாதி அது. அழுத்தக் கூடாது, ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே விரலைச் சும்மா தொட்டு வைத்து மீட்ட வேண்டும். மீட்டியதும் விரலை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்காமல் வைத்திருந்து, மணியை அடித்துவிட்டு அதையே கையால் பிடித்துக்கொண்டவன் கதையாக ஒலியைக் கொன்றுகொண்டிருந்தேன். 7ஆம் ஃப்ரெட்டும் (மூன்றில் ஒரு பங்கு) 5ஆம் ஃப்ரெட்டும் (நான்கில் ஒரு பங்கு) ஒரு வாரத்தில் பிடிபட்டன. வலது கையைப் பாலத்தின் (உடற்பக்கம் தந்திகளைத் தாங்கும் கட்டை) பக்கம் நகர்த்தியதும், ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்த, ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் டோன் திருகை முழுதாகத் திறந்ததும் பாதி வெற்றி.

4ஆம் ஃப்ரெட்டில்தான் சிக்கினேன். டப் டப் என்று செத்த சத்தம். கடற்காற்றில் துருவேறிய தந்திமேல் பழியைப் போட்டு, கழற்றிச் சுருட்டிக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டேன். மீன்குழம்புச் சட்டியை எடுத்ததற்காக அம்மாவிடம் வாங்கியது தனிக்கதை. தந்தி பளிச்சென்று ஆனது. 4ஆம் ஃப்ரெட் மட்டும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் தையல் டேப்பை எடுத்தேன். என் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு 173. ஃப்ரெட் கம்பியோ 178இல் இருக்கிறது. ஒலி குடியிருக்கும் இடம் கம்பிக்கு ஐந்து மில்லிமீட்டர் முன்னால், தலைப்பக்கமாக! அங்கே தொட்டேன். ஜி தந்தியிலிருந்து பி சுரம் கணீரென்று எழுந்தது. அன்று இரவு பத்து மணிவரை வேறு எதையும் வாசிக்கவில்லை.

மறுநாள் பயிற்சியில் கீபோர்டு அண்ணன் அதே பி சுரத்தைப் பிடிக்க, இரண்டும் ஒட்டாமல் நடுங்கின. கீபோர்டில் 494 ஹெர்ட்ஸ், என்னுடையது 490. நொடிக்கு நான்கு நடுக்கம். "சுருதி சேர்த்தாயா தம்பி?" என்றார். ஐந்து தடவை சேர்த்தாயிற்று.

இந்த வழக்கைப் பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சரிடம் கொண்டுபோனேன். அவர் பதில் சொல்லாமல் தம்புராவை எடுத்து மந்தர சட்ஜத் தந்தியை மட்டும் மீட்டினார். "சும்மா இருந்து கேளு மக்களே. உள்ளே காந்தாரம் வருகிறதா?" வந்தது. யாரும் வாசிக்காத அந்தர காந்தாரம். "சுயம்பு காந்தாரம். தந்தி தானாகப் பாடுவது. உன் ஜியைச் சட்ஜமாக வைத்தால், உன் பி சுரமும் இதுதான்." தந்தி தன்னை ஐந்தாகப் பகுத்துக்கொண்டு பாடும் சுரம் அது. கீபோர்டோ எட்டாம் சுரம்வரையுள்ள இடைவெளியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டி வைத்த கருவி. அந்தக் கணக்கில் அரைச்சுரத்துக்கு நூறு சென்ட் என்றால், என் காந்தாரம் 14 சென்ட் கீழே நிற்கிறது. சுருதிப் பெட்டியோடு வாசித்துப் பார்த்தேன். தேன் மாதிரி ஒட்டியது.

இப்போது பழகுவது: ஈ தந்தியில் 3ஆம் ஃப்ரெட்டை ஆள்காட்டி விரல் அழுத்த, டி தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டைச் சுண்டுவிரல் தொட, ஜி தந்தியில் அந்தப் பொல்லாத இடத்தை நடுவிரல் தொட, மூன்றையும் ஒன்றாக மீட்டுவது. ஜி, டி, பி. மூன்றும் சேர்ந்தால் முழு ஜி மேஜர் கார்டு. நான்கு முயற்சியில் ஒன்று தேறுகிறது. மற்ற மூன்றில் சுண்டுவிரல் நழுவுகிறது.

பாட்டின் கடைசி 'ஆமென்' வரும் இடத்தில் இதை வைக்க ஆசை. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் கையை எடுத்துவிடும்படி கீபோர்டு அண்ணனிடம் கேட்டேன். "எடுக்கிறேன். டப் என்று கேட்டால் மறுபடி வைத்துவிடுவேன்" என்றிருக்கிறார்.